வனத்துறைச் சீருடை

வனத்துறைச் சீருடை: காடுகளைப் பாதுகாக்கவும் வனச் சட்டங்களை நிறைவேற்றவும் அரசாங்கத்தால் நியமனம் பெற்ற உத்தியோகஸ்தர்களும் சிப்பந்திகளும் கடமை நேரத்தில் அணிய வேண்டுமென்று விதிக்கப்பட்டுள்ள உடை, தொப்பி, இடைவார், காலணி, பதவிச் சின்னம், பெயர்ப்பட்டை ஆகியவற்றின் தொகுதி. இந்தியாவில் இவ்வுடை பெரும்பாலும் காக்கி நிறமுடையது. ராணுவத்தின் மரபும், காட்டின் இயல்பும், சட்டத்தின் தேவையும் கூடி உருவாக்கிய இதன் சரித்திரத்தினூடே, காட்டில் அதிகாரம் செலுத்துபவர் யார், அவ்வதிகாரம் எவ்வளவினது என்பதைக் குடிமக்கள் கண்டறிந்துகொள்ளும் உரிமை சிறுகச் சிறுக நிலைபெற்ற வரலாறும் இழையோடுகிறது.

வில்லைக் காலம்

பிரிட்டிஷ் கப்பற்படைக்கு வேண்டிய தேக்கு மரங்களைத் திரட்டும் பொருட்டு, 1806ஆம் ஆண்டில் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரி மலபாருக்கும் திருவிதாங்கூருக்கும் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் அப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே. அவர் ஏற்படுத்திய மர ஏகபோகத்தால் நிலமுடையாரும் வியாபாரிகளும் அடைந்த இன்னல் பெரிதாயிருந்தமையால், சென்னை மாகாண கவர்னர் ஸர் தாமஸ் மன்றோவின் கருத்துக்கு இணங்க 1823இல் அப்பதவி நீக்கப்பட்டது. பிறகு 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்க்கத் தொடங்கியதும், 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் ஆனைமலைக் காடுகளின் மேற்பார்வையை ஏற்றதும், 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாண வனப் பாதுகாவலரானதும் வனபரிபாலனத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தன. 1864இல் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் சர்க்கார் சேவகனை ஜனங்கள் அடையாளம் கண்டது முழு உடையைக் கொண்டு அன்று. தோளிலிருந்து இடைக்குக் குறுக்காக ஓடும் டவாலியும், அதில் பதித்த பித்தளை வில்லையுமே அவனுடைய அதிகாரத்துக்குச் சாட்சி. ‘வில்லைச் சேவகன்’ என்ற பெயரே அதனால் வழங்கலாயிற்று. காட்டில் இவ்வில்லையோடு வேறொரு சின்னமும் சேர்ந்தது. வெட்டிய மரத்தின் அடியில் அடித்துக் குறியிடும் முத்திரைச் சுத்தியலே அது. அதன் குறி பதிந்த மரமே முறைப்படி காட்டைவிட்டு வெளியேறலாம் என்பதனால், போலிக் குறியிடுதலைத் தனிக் குற்றமாகவே வனச் சட்டங்கள் வகுத்தன. காவலன் மேனியில் வில்லையும் மரத்தின் மேனியில் முத்திரையுமாக, சர்க்காரின் கை எங்கெங்கு எட்டியது என்பதை எழுத்தறியாத மக்களுக்கும் இவ்விரண்டு உலோகச் சின்னங்கள் உணர்த்தி வந்தன.

சட்டமும் சீருடையும்

1865, 1878 ஆகிய ஆண்டுகளின் இந்திய வனச் சட்டங்களும், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும், காலங்காலமாக விறகு பொறுக்கியும் ஆடுமாடு மேய்த்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த மக்களுக்கும் காட்டுக்கும் இடையே வன சிப்பந்தியைக் கொண்டுவந்து நிறுத்தின. நீதிபதியின் ஆணையோ வாரண்டோ இன்றியே, ஒரு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய வனக் குற்றத்தில் சம்பந்தப்பட்டதாக நியாயமான சந்தேகத்துக்கு உள்ளானவரைக் கைதுசெய்யும் அதிகாரத்தை, 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் தன் 64ஆம் பிரிவில் வன அதிகாரிக்கு அளிக்கிறது. இத்தகைய வன்மை வாய்ந்த அதிகாரத்தை ஏந்தி நிற்பவர் வழிப்போக்கரைப் போல உடுத்தியிருப்பாராயின், உண்மையான காவலருக்கும் காவலர் வேஷமிட்டுப் பணம் பறிப்பவனுக்கும் வேறுபாடு தெரியாது போகும். இதனை முன்னறிந்தே 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், அரசு ஊழியரல்லாத ஒருவர் ஊழியரென்று பிறர் நம்பவேண்டுமென்ற எண்ணத்துடன் அவ்வுடையையோ சின்னத்தையோ தரிப்பதை, 171ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை அபராதமோ விதித்தற்குரிய குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 205ஆம் பிரிவு அவ்விதியையே தொடர்ந்து, அபராத வரம்பை 5,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது.

உடை அடையாளம் தந்ததேயன்றி ஒழுக்கத்தைத் தந்துவிடவில்லை. சென்னை மாகாணத்துக் குடியானவர்கள் வனத்துறைக் கீழ்நிலைச் சிப்பந்திகளின் கெடுபிடியையும் லஞ்சத்தையும் பற்றி ஓயாது முறையிட்டு வந்தனர். 1913இல் அறிக்கை அளித்த சென்னை வனக் கமிட்டியின் முன்னும் இக்குறைகள் விரிவாக எடுத்துரைக்கப்பட்டன. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்ட காடுகளைக் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடலாம் என்ற கருத்து அதன் பின்னரே வலுப்பெற்றது.

காக்கி வந்த வழி

காக்கி என்னும் பெயர், புழுதியைக் குறிக்கும் ‘காக்’ என்ற பாரசீகச் சொல்லின் அடியாகப் பிறந்தது. 1846இல் பெஷாவரில் ‘கைட்ஸ்’ என்ற படைப்பிரிவைத் திரட்டிய ஹாரி லம்ஸ்டன், வெயிலில் வாட்டுவதும் தூரத்திலேயே பகைவனுக்குக் காட்டிக்கொடுப்பதுமான சிவப்புச் சட்டையை விலக்கி, மண்ணிறம் ஊட்டிய தளர்ந்த உடையைத் தம் வீரர்களுக்கு அளித்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ராணுவத்தில் பரவிய இந்நிறத் துணியை நெய்து பெயர்பெற்றவற்றுள் மங்களூரில் பாசல் மிஷன் நடத்திய நெசவாலையும் ஒன்று. ராணுவத்திலிருந்து போலீசுக்கும், அதன் வழியே வனத்துறைக்கும் காக்கி வந்து சேர்ந்தது.

பிராண்டிஸ் பிறந்த ஜெர்மானிய நாட்டில் வன அதிகாரிகளின் மரபுடை பச்சை. அது அந்நாட்டு வேட்டைக்காரரின் உடையிலிருந்து வந்தது. அந்நாட்டவரையே முதல்வராகக் கொண்ட இந்திய வனத்துறை பச்சையை விடுத்துக் காக்கியைப் பேணியது தற்செயலாயினும் தகாததன்று. தென்னாட்டு இலையுதிர் காடுகளில் மாசி பிறந்ததும் இலைகள் உதிர்ந்து, புல் காய்ந்து, பாறையும் மண்ணும் வெளிப்பட்டு நிற்கும்போது, காக்கியணிந்தவர் அந்நிலத்தோடு ஒன்றிப்போகிறார். ஆயின் ஆண்டு முழுதும் பசுமை மாறாத சோலைக் காடுகளில் அதே காக்கி வெளிறித் துலங்கும். ஒரே நிறம் எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது என்பதனாலேயே, சில இடங்களில் களப்பணிக்குக் கரும்பச்சையும் இலைப்புள்ளித் துணியும் பின்னாளில் இடம்பெற்றன.

பதவிச் சின்னங்கள்

வன நிர்வாகம் கோட்டம், சரகம், பிரிவு, காவல் சுற்று என்று படிப்படியாக இறங்குவதாகும். இவற்றுக்கு முறையே மாவட்ட வன அலுவலர், வனச்சரக அலுவலர், வனவர், வனக்காப்பாளர் ஆகியோர் பொறுப்புடையவர். ஜனங்கள் நாவில் இவர்கள் இன்றளவும் டி.எஃப்.ஓ., ரேஞ்சர், பாரஸ்டர், கார்டு என்றே வழங்குகின்றனர். இவர்களுக்கும் கீழே வாட்சர் எனப்படும் வனக்காவலர் இருக்கிறார். தோள்பட்டை விண்மீன்கள் இந்தப் படிகளைக் காட்டுகின்றன. பல மாநிலங்களில் வனச்சரக அலுவலருக்கு உரியவை மூன்று. அவருக்கு மேற்பட்ட நிலைகளில் அசோகச் சிங்கச் சின்னம் இடம்பெறுகிறது.

1966இல் இந்திய வனப்பணி அகில இந்தியப் பணியாக அமைக்கப்பட்டபோது மேல்நிலை அதிகாரிகளுக்கு நாடு தழுவிய ஒருமை உண்டாயிற்று. கீழ்நிலைச் சிப்பந்திகளின் உடையையோ அந்தந்த மாநில அரசே வகுத்து வருகிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றிய பின்னும், சிப்பந்திகளை நியமிப்பதும் சீருடைப் படி, சலவைப் படி அளிப்பதும் மாநிலங்களின் பொறுப்பாகவே நின்றன. கோயமுத்தூரில் 1912இல் சென்னை வனக் கல்லூரி நிறுவப்பெற்ற நாளிலிருந்து, அணிவகுப்பும் ஆயுதப் பயிற்சியும் மரவியலோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் வனப் பயிற்சி மரபு தென்னாட்டில் வேரூன்றி வளர்ந்தது. 1980இல் முதன்முதலாகப் பெண்கள் இந்திய வனப்பணியில் சேர்ந்தனர். 2007 முதல் குஜராத்தின் கீர் காட்டில் பெண் வனக்காப்பாளர்கள் சிங்கங்களிடையே காவல் புரிகின்றனர். ஆணின் உடல் அளவைக் கொண்டு வகுக்கப்பட்ட உடை விதிகள் அதன் பின்னரே திருத்தம் வேண்டி நின்றன.

துணியின் தகுதி

நகரத்தில் அணிவகுப்புக்கு அழகு தரும் கஞ்சி போட்ட விறைப்பு, காட்டில் புதரில் உரசி ஓசை எழுப்பி யானைக்கும் வேட்டைக்காரனுக்கும் வரவை அறிவித்துவிடும். ஈங்கை முள்ளும் உண்ணிச்செடியும் கிழிக்காத அழுத்தமான டிரில் துணியும், கணுக்காலைத் தாங்கும் காலணியும் உலர்காட்டின் தேவைகள். மழைக்காட்டிலோ முழங்கால்வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை இன்றேல் ஒரு நாள் ரோந்தையும் முடித்தல் அரிது. கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டித் தழலோடு போராடும் நாட்களில் பருத்தியின் அருமை விளங்கும். செயற்கை இழை கலந்த துணி எளிதில் கசங்காதாயினும், அனலில் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே சீருடையின் தரத்தை நிர்ணயிக்கும்போது, ஒரே நிறம், ஒரே தையல் என்பவற்றைக் காட்டிலும், அதை உடுத்துபவர் எந்தக் காட்டில் எந்தப் பருவத்தில் நடக்கிறார் என்ற கேள்வியே முதன்மையானது.

அண்மைக் காலம்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும், காவலரின் எதிரியை விறகு திருடுபவரிலிருந்து ஆயுதமேந்திய வேட்டைக் கும்பலாக மாற்றிக் காட்டின. 2008ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் புலிகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் படைக்கென 50 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பந்திப்பூர், தடோபா முதலிய காப்பகங்களில் அப்படை உருவாயிற்று. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், குண்டு துளைக்காத அங்கியும் தலைக்கவசமும் வனச் சிப்பந்திகளுக்கு வேண்டப்படும் நிலையை 2021இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

ஆயினும் இவ்வுடையின் வரலாற்றில் தலையாய திருப்பமென்று கொள்ளத் தக்கது, 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே. கைதுசெய்பவர் தம் பெயரையும் பதவியையும் தெளிவாகத் தெரியுமாறு அணிந்திருக்க வேண்டுமென்றும், போலீசேயன்றிக் கைதுசெய்யும் அதிகாரமுடைய ஏனைய அரசு அமைப்புகளுக்கும் அவ்விதி பொருந்துமென்றும் அது கூறியது. சர்க்கார் என்ற முகமில்லாத சக்தியை அறிவித்து நின்ற பழைய வில்லை, இவ்வாறு ஒரு மனிதரின் பெயரைச் சொல்லும் பட்டையாயிற்று. தலைச்சுமை விறகோடு வழிமறிக்கப்படும் மூதாட்டி, தம்மை மறித்தவர் யாரென்று பிறரைக் கொண்டேனும் படித்தறிந்து முறையிட இன்று இயலும்.

இவ்வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் தற்காலிக வாட்சர்களும். இருளர், குறும்பர், மலசர், காடர் முதலிய ஆதிகுடிகளிலிருந்து இப்பணிக்கு வந்த பலர், தடம் கண்டு யானை சென்ற திசையையும் நேரத்தையும் உரைக்க வல்லவர்கள். சரகத்தின் கண்ணும் காதும் இவர்களே. நல்ல காலணியும் மழைச்சட்டையும் பெயர்ப்பட்டையும் தோளில் விண்மீன் உடையவருக்கு உரியவாதல் போல, காட்டின் உட்புறத்து முகாமில் இரவெல்லாம் விழித்திருக்கும் இம்மக்களுக்கும் தவறாது உரியவாதல் வேண்டும். சீருடை என்ற சொல்லில் உள்ள ‘சீர்’ அப்போதுதான் முழுப்பொருள் பெறும்.