பழவேற்காட்டு அரபுத்தமிழும் லினக்ஸ் தந்த தொல்லைகளும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் இரண்டு உலகங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, 1613இல் டச்சுக்காரர் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய பழவேற்காடு. மற்றொன்று, உருக்காலைப் புகை எழும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. முன்னதில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழை அரபு எழுத்திலே எழுதி வந்தனர். பின்னதில், 1999ஆம் ஆண்டு, ஒரு சிறு ஆலையின் கணக்கறையிலே என் மைத்துனர் மகன் லினக்ஸ் என்னும் இயக்கமுறையைக் கணிப்பொறியில் ஏற்றப் பட்ட பாட்டை நான் கண்ணாரக் கண்டேன். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: தமிழொலிக்கு இடம் வைக்காத ஒரு கருவியிலே தமிழை எங்ஙனம் அமர்த்துவது?

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் முதற்பதிப்பை வெளியிட்டது 1991 செப்டம்பரில். அடுத்த மாதமே யூனிக்கோடு நெறியின் முதல் தொகுதி அச்சாகி வந்தது. அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. ஒரே பருவத்தில் பிறந்த இந்த இரண்டும் ஒன்றையொன்று சரியாகக் கண்டுகொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேலாயின.

நம் நாட்டில் 1990களிலே பி.சி. குவெஸ்ட் என்னும் ஆங்கில இதழ் லினக்ஸைக் குறுந்தகட்டில் பதித்து வாசகர்களுக்கு வழங்கிற்று. மைத்துனர் மகனுக்குக் கிடைத்ததும் அத்தகையதொரு தகடுதான். முதல் இரவு, ஏற்றுவதெல்லாம் ஏற்றி முடித்துப் பொறியை மறுபடி முடுக்கினார். கருந்திரையிலே 'எல்', 'ஐ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் தோன்றின; பிறகு ஒன்றுமே இல்லை. லிலோ என்னும் தொடக்க நிரல் தன் பெயரின் நான்கு எழுத்துக்களை, ஒவ்வொரு படியைக் கடக்கும்போதும் ஒவ்வொன்றாக எழுதும். எந்த எழுத்தோடு நின்றதோ அந்தப் படியில் கோளாறு என்று பொருள். நோயாளி வாய்திறந்து பேசும் கடைசிச் சொல்லைக் கொண்டு ஹகீம் நோயறிவது போன்ற ஏற்பாடு! அக்காலப் பொறிகளின் பயாஸ், வட்டின் முதல் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் படிக்க இயலாதது. லினக்ஸின் கருவகமோ அவ்வெல்லைக்கு அப்பால் போய் அமர்ந்துவிட்டது. வட்டின் தலைப்பிலேயே சிறு பகுதி ஒன்றை ஒதுக்கிக் கருவகத்தை அதில் வைத்ததும் வழி திறந்தது.

மறுநாள் திரைக்காட்சிக்கான எக்ஸ் சாளரம் அடம் பிடித்தது. திரைப்பெட்டியின் கிடை அதிர்வெண்ணையும் நெடுக்கைப் புதுப்பு வீதத்தையும் நாமே அமைப்புக்கோப்பில் எழுதித் தரவேண்டும். பெட்டி தாங்காத எண்ணை எழுதினால் திரை இருண்டுவிடும். பழைய பெட்டிகள் பழுதாவதும் உண்டு என எச்சரிப்பார்கள். பெட்டியோடு வந்த கையேட்டை ஆலைக்காரர்கள் எப்போதோ தொலைத்துவிட்டிருந்தனர். குறைந்த எண்ணிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறினோம். மோடத்தின் கதை சுருக்கமானது: பொறிக்குள் இருந்த மலிவான அட்டை, தன் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸின் தலையிலே சுமத்துவது, அதற்கு லினக்ஸில் இயக்கி கிடையாது. வெளியே வைக்கும் மோடத்தை இரவல் வாங்கித்தான் இணையத்தைத் தொட்டோம்.

இவையெல்லாம் உலகெங்கும் எல்லோரும் பட்ட தொல்லைகள். தமிழனுக்கென்றே காத்திருந்த தொல்லை அதன் பிறகுதான் வந்தது. எழுத்துருவைக் கோப்பகத்திலே போட்டால் மட்டும் போதாது. எம்கேஃபாண்ட்டிர் என்னும் கட்டளையால் பட்டியல் தயாரித்து, எக்ஸ்செட் கட்டளையால் வழியும் காட்டவேண்டும். இத்தனையும் செய்தோம். ஆயினும் சென்னை நண்பர் அனுப்பிய மடல் அலங்கோலமாகவே தெரிந்தது. காரணம், 247 எழுத்துக்களுக்குரிய வடிவங்களை அன்று ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு முறையில் அடுக்கி வைத்திருந்தது. இணையவழித் தமிழன்பர்கள் வகுத்தது டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக அரசு அறிவித்தவை டாப், டாம். ஒன்றிலே எழுதியதை மற்றதன் எழுத்துருவால் திறந்தால் ககரம் இருக்குமிடத்தில் வேறேதோ வந்து உட்காரும்.

யூனிக்கோடு இக்குழப்பத்தை நீக்கப் பிறந்தது. ஆனால் அதிலே 'கெ' என்பதைச் சேமிக்கும்போது மெய் முன்னும் கொம்பு பின்னுமாக வரும். திரையிலே கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துவது மென்பொருளின் கடமை. பழைய எக்ஸுக்கு அந்தக் கலை தெரியாது. கொம்பு எழுத்தின் பின்னே, வாலைப் போலத் தொங்கியது. பாங்கோ என்னும் எழுத்தொழுங்கு நூலகத்தோடு 2002இல் ஜிடிகே 2.0 வந்த பிறகே அது படிப்படியாகச் சீர்பட்டது. தமிழக அரசு யூனிக்கோட்டை ஏற்று ஆணையிட்டதோ 2010இல்.

இதைக் காணும்போதெல்லாம் நம் ஆலிம்களின் நினைவே எனக்கு எழுந்தது. அரபியிலே பகரம் இல்லை. டகரம், ணகரம், ளகரம், ழகரம் இல்லை. எகர ஒகரங்களுக்குக் குறியும் இல்லை. அவர்கள் எழுதுகோலை வைத்துவிடவில்லை. இருக்கும் எழுத்தோடு புள்ளி சேர்த்தனர். சகரத்துக்குப் பாரசீகத்தாரின் மூன்று புள்ளி எழுத்தைக் கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) மார்க்கச் சட்டங்களை இவ்வெழுத்திலே எழுதிப் பெண்மக்களின் கைகளிலும் சேர்த்தார்கள்.

கைக்கு எளிதாக இருந்த அது ஈய அச்சுக்கு எளிதாக இல்லை. புள்ளியிட்ட இவ்வெழுத்துக்களை வார்த்து வைத்திருந்த அச்சகங்கள் அரிது. ஆகவே கல்லச்சே பெரிதும் கைகொடுத்தது. கல்லச்சுக் கூடங்கள் மறைந்தபோது அரபுத்தமிழ் நூல்களின் மறுபதிப்பும் அருகிற்று. அது மங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. தமிழ்ப் பள்ளிப்படிப்பின் பரவல் அவற்றுள் முதன்மையானது. எனினும் அச்சின் பங்கைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை என்பது என் கருத்து.

தமிழெழுத்துக்கு அந்தக் கதி நேராததற்குக் காரணம், கொம்பு பின்னே தொங்கியபோது அதைக் கண்டு எழுதியனுப்பவும் திருத்தவும் ஆட்கள் இருந்தமையே. லினக்ஸின் மூலநிரல் திறந்தே கிடந்தது; குறை கண்டவரே கைவைத்துத் திருத்தலாம். 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம் பெற்றது.

மைத்துனர் மகன் இப்போது ஆலையிலே இல்லை. சென்ற ரமலானில் வந்தவர், தம் பாட்டியாரின் கல்லச்சு நூலொன்றைக் கொணர்ந்து, அதன் முதற்பக்கத்தை என் கணிப்பொறியிலே அடித்துப் பார்த்தார். வலமிருந்து இடமாக எழுத்துக்கள் ஒழுங்காகவே கோத்துக்கொண்டன. இரண்டு எழுத்துக்களுக்கு மட்டும் புள்ளி இடம் மாறி நின்றது. அவற்றைத் தாளிலே குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.