கொல்லைப்புறத்துல கட்டுன படகு

எங்க முதுகுளத்தூர் பக்கம் தண்ணின்னா கண்மாய்தான். அதுவும் மழை பெஞ்சாத்தான். கடலைப் பார்க்க ராமேஸ்வரம் பஸ் பிடிக்கணும். அங்க டீசல் எஞ்சின் வச்ச வல்லம் தடதடன்னு போறதே சின்ன வயசுல எனக்குப் பெரிய வேகம். இவன் எதுக்கு ரேஸ் படகைப் பத்தி எழுதுறான்னு கேக்காதீங்க. உலகத்துலயே வேகமான படகைக் கட்டுனவரும் ஒரு சாதாரண சேல்ஸ்மேன்தான்.

பேரு கென் வார்பி. 1939ல ஆஸ்திரேலியாவுல நியூகாசில்ல பிறந்தவர். அவரோட ஹீரோ இங்கிலாந்துக்காரர் டொனால்ட் கேம்பல். 1964 டிசம்பர் 31ல, ஆஸ்திரேலியாவுலயே ஒரு ஏரியில மணிக்கு 444 கி.மீ. வேகத்தைத் தொட்டவர். 1967 ஜனவரி 4ல கோனிஸ்டன் ஏரியில தன் சாதனையைத் தானே முறியடிக்கப் போனார். படகு மூக்கைத் தூக்கி அந்தரத்துல குட்டிக்கரணம் அடிச்சுது. ஆள் போயிட்டார்.

அது தெரிஞ்சும் வார்பி இறங்குனார் பாருங்க! 70கள்ல, சிட்னியில தன் வீட்டுக் கொல்லையில. டிசைன் அவரோடது. மரச்சட்டம், பிளைவுட், மேல ஃபைபர்கிளாஸ். எஞ்சின், விமானப்படை ஏலத்துல விட்ட பழைய ஜெட் எஞ்சின். மழை வந்தா தார்ப்பாய். காசு பத்தலைன்னா ஆயில் பெயிண்டிங் வரைஞ்சு வித்தார். 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா'ன்னு பேரு வச்சார். கேம்பல் படகு ஆராய்ச்சியில வேலை செஞ்ச பேராசிரியர் டாம் ஃபிங்க் கூட இருந்து உதவுனார்.

இந்த வேகத்துல படகு மிதக்கிறதில்ல. தண்ணியை அங்கங்க லேசாத் தொட்டுக்கிட்டே பறக்குது. மூக்கு கொஞ்சம் தூக்குனா அடியில காத்து புகுந்து கவுத்துரும். ஒரு தடவை ஓட்டுனாலும் போதாது. ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பி எதிர்த்திசையிலயும் ஓட்டணும். ரெண்டோட சராசரிதான் கணக்கு.

1977 நவம்பர் 20ல 464 கி.மீ. தொட்டு சாதனையைப் பிடிச்சார். 1978 அக்டோபர் 8ல பிளவரிங் அணையில 511 கி.மீ. தண்ணியில 500ஐத் தாண்டுன முதல் மனுஷன். டிசைன் பண்ணி, கட்டி, ஓட்டி, எல்லாமே ஒரே ஆள்!

அதை முறியடிக்கப் போன லீ டெய்லர் 1980லயும், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989லயும் செத்துப் போனாங்க. வார்பி 2023 பிப்ரவரி 20ல, 83 வயசுல காலமானார். அன்னிக்கும் சாதனை அவர் பேர்லதான் இருந்துச்சு. படகு இப்போ சிட்னி கடல்சார் அருங்காட்சியகத்துல தொங்குது.

எனக்கு ஒரு உறுத்தல். வார்பி பிழைச்சதால நாம இதை வீரம்ங்கறோம். அந்த 1978ல படகு கொஞ்சம் மூக்கைத் தூக்கியிருந்தா, 'பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு இவனுக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு நாமளே சொல்லியிருப்போம், இல்லையா?