ஹார்மோன் உயிரணுவுள் செய்வது யாது?

"ஹார்மோன்" என்னும் சொல்லை 1905ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். கிளர்ந்தெழச் செய்வது என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். ஒரு சுரப்பியில் தோன்றிக் குருதி வழியே சென்று தொலைவிலுள்ள உறுப்பை இயக்குவது அஃது என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆனால், உறுப்பை அடைந்தபின் அதன் உயிரணுவுள் ஹார்மோன் செய்வது யாது என்ற வினாவுக்கு மேலும் அரை நூற்றாண்டு வரை தக்க விடை கிடைக்கவில்லை.

1950களில் பலரும் நம்பிய விடை நொதிகளைப் பற்றியது. பெண் ஹார்மோனாகிய எஸ்ட்ராடயால் கருப்பையில் நொதிகளால் வேதிமாற்றம் அடைகிறது. அம்மாற்றத்தின் பயனாகவே கருப்பை வளர்கிறது என்று கருதினர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் இதனைச் சோதிக்க முற்பட்டனர். கதிரியக்கமுள்ள டிரிட்டியத்தை எஸ்ட்ராடயாலில் சேர்த்து, பருவமெய்தாத பெண் எலிகளுக்கு மிகச் சிறு அளவில் செலுத்தினர். குருதியிலிருந்தும் ஈரலிலிருந்தும் அது விரைவில் நீங்கியது, கருப்பையிலோ தங்கியது. அதுவும் சிறிதும் மாறாமல் தங்கியது. ஆகவே அதனைப் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்று அங்கே இருத்தல் வேண்டும். அதற்கே ஏற்பி என்று பெயர். 1958இல் வியன்னா மாநாட்டில் இதனை எடுத்துரைத்தபோது கேட்க வந்தவர் ஐவரே என்றும், அதே வேளையில் நொதிக் கொள்கைக்காரர் அரங்கில் ஆயிரவர் கூடியிருந்தனர் என்றும் ஜென்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இஃது ஏட்டளவில் நின்ற வழக்கன்று. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கு அந்நாளில் அட்ரீனல் சுரப்பிகளையே அறுத்தெடுத்தனர். பயன்பெற்றவர் மூவரில் ஒருவர் அளவே. ஏனையோர் வீணே துன்புற்றனர். கட்டியில் ஏற்பி உண்டா என்று முன்னரே அளந்து பார்க்கும் முறை ஜென்சனின் ஆய்விலிருந்து பிறந்தபின், யாருக்கு ஹார்மோன் சிகிச்சை பயன்படும் என்று தேர்ந்தறிய முடிந்தது.

ஏற்பி பற்றுவது சரி, பற்றியபின் என்ன? இதற்கான குறிப்பு ஒரு சிறு பூச்சியிடமிருந்து வந்தது. ஜெர்மனியில் புட்டனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசன் என்னும் ஹார்மோனை 1954இல் பிரித்தெடுத்திருந்தனர். 1960இல் கிளவரும் கார்ல்சனும் அதனைக் கொசுவை ஒத்த ஒரு பூச்சியின் புழுவுக்கு ஊசி வழியே செலுத்தினர். அப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலுள்ள குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் எளிதிற் காணத்தக்க பருமனுடையவை. அவற்றின் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் புடைத்தெழுந்தன! ஹார்மோன் மரபணுக்களை எழுப்புகிறது என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை.

எழுப்புவது எளிதன்று. மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுடையது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளையில் 147 இணைகள் அளவு நூல் சுற்றப்பட்டு, அத்தகைய உருண்டைகள் மணிமாலை போல் தொடர்கின்றன. இவ்வமைப்பை 1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் விளக்கினார். நூலும் புரதமும் சேர்ந்த இத்தொகுதியே குரோமாட்டின். சுற்றி மூடிக்கிடக்கும் நூலில் ஏற்பி தனக்குரிய இடத்தை எவ்வாறு அடைகிறது?

1985இல் எவன்ஸ் குழுவினர் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் மரபணுப் படியையும், அடுத்த ஆண்டில் சாம்போன் குழுவினர் எஸ்ட்ரஜன் ஏற்பியின் படியையும் வெளியிட்டனர். இவ்விருவருக்கும் ஜென்சனுக்கும் 2004இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. இதற்கிடையே பாடநூல்களில் ஒரு படம் நிலைபெற்றது: ஹார்மோன் உள்ளவரை ஏற்பி டி.என்.ஏ. மீது அமர்ந்தே இருக்கும். இப்படத்திற்கு ஆய்வு முறைகளே காரணம் எனலாம். சோதனைக் குழாயில் வெறும் டி.என்.ஏ.யில் ஏற்பி நெடுநேரம் ஒட்டியிருந்தது உண்மை. பார்மலினிட்டு உறையவைத்த உயிரணுவில் அசைவைக் காண்பது எங்ஙனம்?

உயிருள்ள உயிரணுவிலேயே பார்த்தவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கார்டன் ஹேகர் குழுவினர். எலிகளுக்கு மார்பகக் கட்டி உண்டாக்கும் வைரசின் ஹார்மோன் கட்டுப்பாட்டுப் பகுதி, ஏறத்தாழ 200 படிகளாக ஓரிடத்தில் அடுக்கியிருக்கும் உயிரணுவை அவர்கள் கையாண்டனர். ஏற்பியோடு ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தை இணைத்தனர். ஹார்மோன் சேர்த்ததும் அவ்விடம் ஒளிப்புள்ளியாகத் தெரிந்தது. லேசர் கதிரால் அப்புள்ளியின் ஒளியை அவித்தனர். அமர்ந்த ஏற்பிகள் அங்கேயே இருப்பனவாயின் புள்ளி இருண்டே கிடக்க வேண்டும். அதுவோ சில விநாடிகளில் மீண்டும் ஒளிர்ந்தது. பழைய ஏற்பிகள் நீங்கப் புதியவை வந்தமர்ந்தன. 2000ஆம் ஆண்டில் இது வெளிவந்தபோது எளிதில் ஏற்கப்படவில்லை என்றால் வியப்பில்லை.

அமர்ந்த சிறு பொழுதில் ஏற்பி வாளாவிருப்பதில்லை. உருண்டைகளை நகர்த்தும் இயந்திரம் போன்ற புரதத் தொகுதிகளை அழைக்கிறது. எனினும் எல்லாக் கதவையும் அதுவே திறப்பதுமில்லை. எலியின் பால்சுரப்பி, பிட்யூட்டரி உயிரணுக்களை ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில், ஏற்பி சேரும் இடங்களிற் பெரும்பாலானவை ஹார்மோன் வருமுன்பே திறந்திருந்தன; திறந்த இடங்கள் இரண்டிலும் வெவ்வேறானவை. ஒரே ஹார்மோன் உறுப்புக்கு உறுப்பு வேறு பணி செய்வதன் காரணம் இங்கே ஓரளவு விளங்குகிறது.

விநாடிக் கணக்கில் விட்டுவிடும் இவ்வியல்புக்கும் ஒரு பயன் உண்டு. அட்ரீனல் சுரப்பி தன் ஹார்மோனை ஒரே சீராக விடுவதில்லை. ஏறத்தாழ மணிக்கொரு முறை அலையலையாக விடுகிறது. அலை எழும்போது மரபணு எழுகிறது, தாழும்போது ஓய்கிறது என்று 2009இல் காட்டினர். மருந்தாகத் தரும் டெக்சாமெத்தசோன் ஏற்பியை எளிதில் விடுவதில்லை. ஆதலின் அதனைக் கொடுத்து எடுத்துவிட்ட பின்னும் மரபணு ஓயாமல் இயங்கிக்கொண்டே இருந்தது.