கியர்ப் பெட்டியைத் திறந்தவர்கள்

யந்திரங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அதைக் கண்டுபிடித்தவனைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அதை விற்றுப் பணக்காரனானவனைப் பற்றி இன்னும் நிறைய எழுதுகிறார்கள். அது ஒரு நாள் நடுத்தெருவில் முனகிக்கொண்டு நின்றபோது, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சாமானாகக் கழற்றி வைத்து, மறுபடியும் பூட்டி ஓடச் செய்தவனைப் பற்றி எழுதுவது அபூர்வம். மோட்டார் காரின் ஆட்டோமாடிக் கியர்ப் பெட்டியைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது ஆசாமிக்குத்தான் என் நமஸ்காரம். ஏனென்றால் அந்தப் பெட்டி, 'நீ என்னைத் தொட வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே பிறந்தது.

அதன் பாட்டனார் அப்படிப்பட்டவர் அல்ல. 1908-ம் வருஷம் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட மாடல் டி காரில் காலால் மிதித்தே கியர் மாற்றினார்கள். இடது பெடலை முழுக்க அழுத்தினால் மெதுவான கியர். விட்டால் வேகமான கியர். நடுப் பெடல் பின்னால் போவதற்கு. உள்ளே சுழலும் டிரம்களை ஒரு துணிப் பட்டை இறுகப் பிடிக்கும், அவ்வளவுதான் ரகசியம். அந்தத் துணி தேய்ந்து போகும். தேய்ந்தால் பெட்டியின் மேலே உள்ள சிறு மூடியைத் திறந்து, பட்டையை வெளியே எடுத்து, புதுத் துணி அடித்து மாட்ட வேண்டும். நட்டு ஒன்று கைதவறி உள்ளே விழுந்துவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. ஆகையால் கீழே கந்தல் துணியைத் திணித்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். பட்டணத்து மெக்கானிக்கைத் தேடிப் போக முடியாத எத்தனையோ குடியானவர்கள் இதைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1927-க்குள் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் வெளிவந்தன என்றால், கியர்ப் பெட்டிக்குள் கை விட்டுப் பழகியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றக் கார்களின் கதை வேறு. அவற்றில் ஒரு பல்சக்கரத்தை விலக்கி இன்னொன்றோடு சேர்க்க வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்துப் போகாவிட்டால் பல்லோடு பல் மோதி நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும். கேட்பவர்களுக்குத் தங்கள் பல்லே கூசும். இந்தச் சத்தத்தை ஒழித்தவர் எர்ல் தாம்ஸன் என்ற எஞ்சினீயர். சேருவதற்கு முன்னால் இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும் அவருடைய 'ஸின்க்ரோமெஷ்' ஏற்பாட்டை 1928-ல் காடிலாக் கார்களில் வைத்தார்கள். மனிதர் அதோடு திருப்தி அடையவில்லை. சத்தத்தை ஒழித்தாயிற்று, கியர் மாற்றுகிற வேலையையே ஒழித்தால் என்ன என்று புறப்பட்டுவிட்டார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஜெனரல் மோட்டார்ஸில் பல வருஷம் உழைத்ததன் பலன்தான் 'ஹைட்ராமாடிக்'. 1940-ம் வருஷத்து மாடல் என்ற பெயரில் 1939-லேயே ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்துவிட்டது. அதற்காக அதிகப்படியாகக் கொடுக்க வேண்டிய தொகை 57 டாலர். கிளட்ச் பெடலே கிடையாது.

இதில் எல்லாமே புதிது என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சினையும் கியரையும் இணைக்கும் இடத்தில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. நடுவில் எண்ணெய்தான் இருக்கிறது. எதிரெதிராக வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழல விட்டால் அதன் காற்றில் மற்றதும் சுழலுகிறதல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய். ஜெர்மனியில் ஸ்டெட்டின் துறைமுகத்துக் கப்பல் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-லேயே கப்பல்களுக்காக இந்த வழிக்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். சக்கரங்களோ மாடல் டி-யின் உறவுமுறைதான். நடுவில் ஒரு பல்சக்கரம், அதற்குச் சூரியன் என்று பெயர். சுற்றிலும் சின்னச் சக்கரங்கள், அவை கிரகங்கள். வெளியே பற்கள் உள்பக்கமாக அமைந்த வளையம். மூன்றில் ஒன்றை நிறுத்தி, ஒன்றைச் சுழற்றினால் மூன்றாவது வேறு வேகத்தில் சுழலும். எதையும் விலக்கிச் சேர்க்க வேண்டியதில்லை. பிடித்தால் போதும்.

யார் பிடிப்பது, எப்போது பிடிப்பது? இங்கேதான் தாம்ஸன் கோஷ்டியின் மேதை தெரிகிறது. கார் ஓடும் வேகத்துக்குத் தக்கபடி ஒரு எண்ணெய் அழுத்தம். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்பதைப் பொறுத்து இன்னொரு அழுத்தம். ஒரு சிறிய வால்வின் இரண்டு முனைகளிலும் இவை எதிரெதிராக நின்று தள்ளுகின்றன. வேகத்தின் கட்சி ஜெயித்தால் வால்வு நகர்ந்து மேல் கியருக்கு வழி விடும். மேட்டில் ஏற டிரைவர் அழுத்தி மிதித்தால் எதிர்க்கட்சி ஜெயித்து, பழைய கியருக்கே திரும்பும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. எண்ணெய் மட்டுமே யோசிக்கிறது.

யுத்தம் வந்ததும் இதே பெட்டி அமெரிக்க ராணுவத்தின் எம்5 டாங்கிகளில் ஏறியது. இரண்டு காடிலாக் எஞ்சின், இரண்டு ஹைட்ராமாடிக். யுத்தம் முடிந்த பிறகு லிங்கன், ஹட்ஸன், நாஷ் என்று போட்டிக் கம்பெனிக்காரர்கள்கூட இதை விலைக்கு வாங்கித் தங்கள் கார்களில் வைத்தார்கள். 1953 ஆகஸ்ட் 12-ந் தேதி மிச்சிகனில் லிவோனியாவிலிருந்த ஹைட்ராமாடிக் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. இரும்பு வெட்டும் ஜ்வாலையின் பொறி எண்ணெய்த் தட்டில் விழுந்தது காரணம். அவ்வளவு பெரிய கட்டடம் ஒரே நாளில் சாம்பலாயிற்று. யுத்த காலத்தில் குண்டு விமானங்கள் செய்த வில்லோ ரன் தொழிற்சாலைக்குள் புகுந்து, சில வாரங்களில் மறுபடியும் வேலையை ஆரம்பித்தார்கள். அதுவரை காடிலாக்காரர்கள் ப்யூக் காரின் பெட்டியை இரவல் வாங்கி மாட்டி அனுப்பினார்கள்.

வாங்கினவன் கதைக்கு வருவோம். கை, கால் இரண்டுக்கும் ஓய்வு கிடைத்தது வாஸ்தவம். ஆனால் மாடல் டி-யின் மூடியைத் திறந்த தகப்பனாருடைய பிள்ளை இப்போது காரின் அடியில் படுத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் விழித்தான். கியர் நழுவுகிறது, அளவுகோல் கம்பியை இழுத்து முகர்ந்தால் எண்ணெயில் கருகல் வாடை. பட்டறைக்காரன் சொல்லும் தொகையோ காரின் விலையில் பாதி. அந்தத் தொகையில் பெரும்பகுதி சாமானுக்கு அல்ல, கூலிக்கு. தேய்ந்து போகிறவை கிளட்ச் தட்டுகள், பட்டைகள், ரப்பர் வளையங்கள், காகித அட்டைகள். இவை விலை குறைந்தவை. பல்சக்கரங்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். இந்தக் கணக்குப் புரிந்தவர்களில் சிலர் கம்பெனியின் பழுது பார்க்கும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு துணிந்து உட்கார்ந்தார்கள்.

வேலை பலத்தால் ஆகிறதல்ல. முதல் விதி சுத்தம். நூல் பிரியும் கந்தல் துணியால் துடைக்கக் கூடாது. ஒரு இழை போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். கழற்றின ஒவ்வொன்றையும் கழற்றின வரிசையிலேயே மேஜைமேல் பரப்ப வேண்டும். வால்வுகள் இருக்கும் அலுமினியப் பலகையைப் பிரித்தால், எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டியது போல வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள். பல பெட்டிகளில் அவற்றுக்குள் மிளகு அளவில் எஃகுக் குண்டுகளும் உண்டு. எந்தக் குண்டு எந்தக் குழியில் இருந்ததென்று குறித்துக்கொள்ளாதவன் தொலைந்தான். புதுக் கிளட்ச் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். ஒன்று இழைத் தட்டு, ஒன்று எஃகுத் தட்டு என்று மாற்றி மாற்றி. ரப்பர் வளையத்தின் உதடு மடங்காமல் உள்ளே இறங்க வாஸலைன் தடவுவார்கள். வண்டிக்குப் போடும் கிரீஸ் உதவாது. வாஸலைன்தான் பிறகு எண்ணெயில் கரைந்துவிடும். எல்லாம் பூட்டின பிறகு, எண்ணெய் போகும் துவாரத்தில் காற்றை அழுத்தி ஊதினால் உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். கிளட்ச் பிடித்துவிட்டதன் அறிகுறி அது. வெறும் 'புஸ்' என்று காற்று கசிந்தால், மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் கட்டத்தில் எத்தனை குடும்பங்களில் இரவுச் சாப்பாடு ஆறிப் போயிருக்கும் என்பதை நான் கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஊகித்துக்கொள்கிறேன்.

அந்த எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் வழுவழுப்பாகப் பிடிப்பதற்காக அதில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் கொழுப்பு எண்ணெயைச் சேர்த்து வந்தார்கள். டிட்ராய்ட்டில் ஒருவன் சொகுசாகக் கியர் மாற, நடுக்கடலில் ஒரு பிராணி சாக வேண்டியிருந்தது. 1970-களின் ஆரம்பத்தில், அழிந்துவரும் பிராணி என்று அமெரிக்க அரசாங்கம் அதைத் தடுத்தபோது, ரசாயன சாஸ்திரிகள் மாற்று தேடி ஓட வேண்டியதாயிற்று. நல்ல வேளை.

துணிந்து திறந்தவர்களில் சிலருக்கு, திறந்த பிறகு வேறு யோசனை தோன்றிவிட்டது. கலிபோர்னியாவில் பாப் ஸ்பார், மார்ட் ஷூமன் என்ற இருவர் தங்கள் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்து 1953-ல் 'பி அண்ட் எம்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். கால் மைல் நேர்கோட்டில் இரண்டு கார்கள் பாயும் பந்தயம் அங்கே பிரசித்தம். கையால் கியர் மாற்றுகிறவன் ஒவ்வொரு மாற்றத்திலும் கண்ணிமைக்கும் நேரத்தை இழக்கிறான், ஹைட்ராமாடிக் இழப்பதில்லை. ஆனால் அது நாசூக்காக மாறும்படி செய்யப்பட்டது; பந்தயக்காரனுக்கு நாசூக்கு எதற்கு? எண்ணெய் அழுத்தத்தையும் வழிகளையும் திருத்தி, கியர் படாரென்று மாறும்படியாகவும், டிரைவர் கையால் இழுக்கும்போது மட்டும் மாறும்படியாகவும் செய்தார்கள். கையை விலக்குவதற்காகத் தாம்ஸன் இத்தனை வருஷம் பாடுபட்ட பெட்டியில் அந்தக் கையை மறுபடியும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்! தாம்ஸனுக்கு 1963-ல் எஞ்சினீயர்கள் ஸ்பெர்ரி பரிசு கொடுத்துக் கௌரவித்தார்கள். அந்தக் காலத்தில் சனி ஞாயிறுகளில் அவருடைய யந்திரத்தை இப்படித் தலைகீழாக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள் பையன்கள். இதை அவமரியாதை என்று நான் சொல்ல மாட்டேன்.

பிற்பாடு எண்ணெயின் யோசனையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அநேகப் புதுக் கார்களில் முகர்ந்து பார்க்க அளவுகோல் கம்பிகூட வைப்பதில்லை. வில்லோ ரன் தொழிற்சாலையை 2010-ல் மூடிவிட்டார்கள். ஆனால் ஷெவர்லே கம்பெனி 1950-ல் கொண்டுவந்து 1973-ல் நிறுத்திவிட்ட 'பவர்கிளைட்' என்ற இரண்டே வேகப் பெட்டி, அதன் எளிமைக்காகவே, பந்தயக்காரர்களிடம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் புதுத் தட்டும், பட்டையும், ரப்பர் வளையமும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு இப்போதும் விற்கிறார்கள்.