புது மீன்தொட்டியில் மீன்கள் ஒரே வாரத்தில் மடிகின்றனவா? காரணம் இதுவாக இருக்கலாம்

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. தீனியும் போட்டேன். அப்புறம் ஏன் மீன் செத்துப்போச்சு?"

புதிதாக மீன் வளர்ப்போர் பலர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் குறை மீனிடம் இல்லை. தொட்டி இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்!

தெளிந்த தண்ணீரில் என்ன ஆபத்து?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகும். அது கண்ணுக்குத் தெரியாது. மீனின் செவுளைப் பாதிக்கும்.

ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் குறைந்த அளவில் இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை.

இந்த நல்ல பாக்டீரியா, வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அது போதுமான அளவு இருக்காது. பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

தொட்டியைத் தயார்செய்வது எப்படி?

- குழாய்த் தண்ணீரில் குளோரமின் நீக்கும் மருந்தைச் சேருங்கள். "ஒரு ராத்திரி தண்ணிய திறந்து வச்சா போதும்" என்பது பழைய யோசனை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரமின் அப்படி எளிதில் ஆவியாகாது.

- வடிகட்டியை இரவு பகலாக ஓடவிடுங்கள்.

- மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுங்கள். அது மக்கி அம்மோனியா உண்டாகும். அதுதான் பாக்டீரியாவுக்கு உணவு.

- நண்பரின் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

எப்போது மீன் விடலாம்?

நீர்ப் பரிசோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கும். தினமும் தீனி போட்டும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து சில நாள் பூஜ்யமாக இருந்து, நைட்ரேட் மட்டும் தென்பட்டால் தொட்டி தயார்.

அதற்காக ஒரே நாளில் 20 மீன் வாங்கிவிடாதீர்கள்! முதலில் நாலைந்து கப்பி போன்ற சிறிய மீன்கள் போதும். ஓரிரு வாரம் கழித்து இன்னும் சில.

மீன் பையைத் தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

"மீன் ஏற்கெனவே வாங்கியாச்சே, இப்போ என்ன செய்றது?"

தீனியைக் குறைத்துவிடுங்கள். தண்ணீரைத் தினமும் பரிசோதியுங்கள். அம்மோனியா அல்லது நைட்ரைட் தென்பட்டால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தேவைப்பட்டால் மறுநாளும் மாற்றலாம்.

பலர் செய்யும் தவறு

வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவது. வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா அதில் மடிந்துபோகலாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

வளர்க்க முடியவில்லை என்றால் மீனை நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடவேண்டாம். அங்குள்ள உயிரினங்களை அது பாதிக்கலாம். வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் கொடுப்பதே நல்லது.

வீட்டில் பிள்ளைகள் "மீன் எப்போ வரும்?" என்று நச்சரிக்கலாம். பரிசோதனைக் குழாயில் நிறம் மாறுவதை அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். காத்திருப்பதும் மீன் வளர்ப்பில் ஒரு பகுதிதான்.