தக்கையைத் தள்ளிய எண்ணெய்

பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, மீண்டும் பூட்டி ஓட்டும்போது, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழ வேண்டிய அளவுக்கு எழாமல் நின்றுவிடுவது உண்டு. அந்த முள் எதைக் காட்டுகிறது என்று கேட்டால், எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது எனப் பலரும் விடை கூறுவர். அது சரியன்று. சரியான விடைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதையே மாணவ நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க எண்ணுகிறேன்.

உராயும் இடத்தில் எண்ணெய் இட வேண்டும் என்பது மிகப் பழைய அறிவு. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு இட்ட வண்டி மையை என் வயதினர் அறிவர். வேட்டியில் ஒரு முறை பட்டால் அந்த வேட்டி கிழியும் வரை கறை போகாது. 1839-ஆம் ஆண்டில் ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர், சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பின் உட்புறத்தில் மென்மையான உலோகக் கலவையைப் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டறைகளில் பேரிங்கு என வழங்கும் தாங்கிக்கு அது பெரிய முன்னேற்றம். ஆயினும் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே எண்ணெய் என்ன செய்கிறது என்பது விளங்காமலே இருந்தது.

அது விளங்கியது தற்செயலாகத்தான். இங்கிலாந்தில் பொறியியலாளர் கழகம் ஒன்றின் பொருட்டு, போஷாம் டவர் என்பவர் இரயில் வண்டி அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். 4 அங்குல விட்டமுள்ள தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருந்தது. மேற்பகுதியின்மீது தாங்கி பாரத்துடன் அமர்ந்திருந்தது. எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். இயந்திரம் சுழன்றதும் அத்துளை வழியாக எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. கீழிருந்து பொங்கி மேலே வழிந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அறைந்து அடைத்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, முள் சதுர அங்குலத்துக்கு 200 ராத்தலையும் கடந்து சென்றது. தாங்கியின் மீதிருந்த சராசரி பாரமோ சதுர அங்குலத்துக்கு 100 ராத்தலே. 1883-ஆம் ஆண்டில் அவருடைய அறிக்கை வெளிவந்தது. துளையைச் சபித்துவிட்டு வேறிடத்தில் துளையிட்டிருக்கக்கூடிய மனிதர், நின்று அழுத்தத்தை அளந்தார் என்பதையே நான் பெரிதாகப் போற்றுகிறேன்.

மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1886-ஆம் ஆண்டில் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஆப்பு வடிவமான குறுகிய இடைவெளியில் நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் பிறக்கும் அழுத்தமே தண்டையும் தாங்கியையும் ஒன்றையொன்று தீண்டாவண்ணம் பிரித்துவைக்கிறது. ஆகவே பாரத்தைத் தாங்கும் அழுத்தத்தைத் தண்டே உண்டாக்கிக்கொள்கிறது. பம்பின் வேலை, அவ்விடைவெளி வறண்டுபோகாமல் எண்ணெய் அனுப்புவது மட்டுமே.

அவ்வாறு பம்பினால் எண்ணெய் செலுத்தும் முறைக்கு, பர்மிங்ஹாமில் நீராவி எஞ்சின் கட்டிய ஒரு தொழிற்சாலையின் வரைவாளர் ஆல்பர்ட் பெய்ன் 1890-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டிகள் எல்லாம் அதை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1908 முதல் 1927 வரை வெளிவந்த போர்டு 'டி' வண்டியில் எண்ணெய்ப் பம்பும் இல்லை, அழுத்தமானியும் இல்லை. சுழலும் சக்கரம் வாரி இறைத்த எண்ணெயே எஞ்சினைக் காத்தது. எண்ணெய் மட்டம் அறிய விரும்பியவர் வண்டிக்கடியில் குனிந்து சிறு குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

பம்பு வந்த பின்னரே முள்ளும் வந்தது. பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெயைத் தள்ளும். அது வெளியேறும் வழிகள் குறுகலாயிருந்தால் அழுத்தம் ஏறும், அகன்றிருந்தால் இறங்கும். முள் காட்டுவது இந்தத் தடையைத்தான். ரெய்னால்ட்ஸின் கணிதப்படி, இடைவெளி வழியே கசியும் எண்ணெய் இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப மாறும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும்.

இக்கணக்கு பயன்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். பழைய மாணவர் ஒருவர் நடத்தும் பட்டறையில், புதிதாகச் செப்பனிட்ட அம்பாசடர் எஞ்சின் ஒன்று நின்றது. ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்த அம்பாசடர் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியாயிற்று. இது அதன் 1489 கன சென்டிமீட்டர் பழைய பெட்ரோல் எஞ்சின். சூடேறிய பின், ஓட்டத்தில் 50 ராத்தலை ஒட்டியும், மெதுவாகச் சுழல்கையில் 15 ராத்தலை ஒட்டியும் அழுத்தம் இருக்க வேண்டும். இதுவோ குளிர்ந்த நிலையில் 60 காட்டிற்று. சூடேறியதும் 5-க்கு இறங்கிற்று. வேகத்தைக் கூட்டியும் 20-ஐத் தொடவில்லை.

வண்டிக்குரியவர் தம் சேமிப்பில் பெரும்பகுதியை அதில் போட்டிருந்தார். கெட்டியான எண்ணெயை ஊற்றித் தந்துவிடும்படி மன்றாடினார். "ஐயா, முள் ஏறும், ஆனால் கசிகிற இடம் கசிந்துகொண்டேதான் இருக்கும்" என்று மறுத்துவிட்டார் என் மாணவர். அந்நிலையில் ஓட்டினால் தாங்கியின் மென்பூச்சு உருகித் தண்டும் கெட்டுவிடும் என்பதை அவர் அறிவார்.

முதலில் வேறோர் அழுத்தமானியைப் பொருத்தினார். அதுவும் 5 என்றது. ஆகவே முள் பொய் சொல்லவில்லை. மிகை அழுத்தத்தைக் கழிக்கும் வால்வில் உலோகத்தூள் சிக்கியிருந்தால் குளிர்ந்த நிலையிலும் அழுத்தம் குறைந்திருக்கும். ஆயினும் எஞ்சினின் பக்கவாட்டில் குவிந்த தலையுள்ள மரையைக் கழற்றி அதையும் பார்த்தார், தூய்மையாயிருந்தது. அடித்தட்டைக் கழற்றிப் பம்பைப் பிரித்து அதன் இடைவெளிகளை அளந்தார், குறையில்லை. பின்னர் மெல்லிய பிளாஸ்டிக் நூலைத் தண்டின்மேல் வைத்து, தாங்கியின் மூடியை முறையாக இறுக்கிக் கழற்றினார். நூல் எவ்வளவு நசுங்கி அகன்றதோ, அதைக் கொண்டு இடைவெளியை அறியலாம். அந்த எஞ்சினுக்கு மூன்று முதன்மைத் தாங்கிகள். முன்னும் பின்னும் அங்குலத்தின் ஆயிரத்தில் 2 பங்கு இடைவெளி. நடுத்தாங்கியிலோ 4 பங்கு. தண்டைக் கடைந்து தந்தவர்கள் நடுப்பகுதியை மட்டும் சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டிருந்தனர். தலைமயிரின் தடிமனைவிடக் குறைவான வேறுபாடு. ஆனால் கசிவு எட்டு மடங்கு. குளிர்ந்த எண்ணெய் தன் கெட்டித்தன்மையால் அதை மறைத்திருந்தது. சூடேறி இளகியதும் குட்டு வெளிப்பட்டது.

தண்டு முழுவதையும் அடுத்த சிறிய அளவுக்குக் கடைந்து, அதற்குரிய புதிய தாங்கிகளைப் பூட்ட வேண்டியதாயிற்று. முதலில் வாங்கிய தாங்கிகள் வீணாயின. உரியவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீண்டும் பூட்டிய பின், தீப்பொறி பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் அசையும் வரை எஞ்சினைக் கையாலேயே சுழற்றி எண்ணெயை எங்கும் ஓடவிட்டனர். பிறகே எஞ்சினை இயக்கினர். அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் மெதுவான சுழற்சியில் முள் 18-இல் நின்றது. வேகத்தைக் கூட்டியதும் 52-க்கு ஏறிற்று.