பந்தியில் இடம்

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கே கமிஷன் மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தோம். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எல்லாரோடயும் ஒரே வரிசையில நான் முதல்ல சாப்பிட்டது பள்ளிக்கூடத்துலதான். அதுவரைக்கும் எங்க ஆளுகளுக்குக் கொல்லைப்புறத்துலதானே சோறு!"

எனக்குச் சேரன்மாதேவி ஞாபகம் வந்தது. எங்கள் ஊருக்குத் தெற்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. 1922-ல் வ. வே. சு. ஐயர் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். கதை எழுதிப் பிழைக்கும் எங்களுக்கெல்லாம் பாட்டனார் முறை. அதனால் அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தேசத்தொண்டர்களை உருவாக்க எழுந்த அந்தக் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணப் பையன்கள் இருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். அவருக்கோ அந்த ஆசாரமெல்லாம் கிடையாது!

டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் விடவில்லை. பாக்கிப் பணம் நின்றது. இரண்டு பையன்கள் தனியே சாப்பிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்கத் தோன்றும். மற்றப் பையன்களின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயரும் மாண்டார். சண்டை தீராமலே அவர் கதை முடிந்தது.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே சாப்பாட்டுச் சண்டைதான். 1960 பிப்ரவரி 1-ந் தேதி கிரீன்ஸ்பரோ நகரத்துக் கடை ஒன்றில் நான்கு கறுப்பு மாணவர்கள் பலகார மேஜை முன் உட்கார்ந்தார்கள். அதே கடையில் அவர்கள் சாமான் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. பரிமாற மறுத்தார்கள், கடை மூடும் வரை பையன்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் கடைக்காரர் இறங்கி வந்தார். எட்டு வருஷம் கழித்து, மெம்பிஸில் குப்பை அள்ளும் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பேசிய மார்ட்டின் லூதர் கிங் வேறொன்று கேட்டார்: உட்கார உரிமை கிடைத்தது சரி, பலகாரம் வாங்கக் காசு எங்கே? அந்த ஊரிலேயே 1968 ஏப்ரல் 4-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

காமராஜ் இந்த முடிச்சை மறுமுனையிலிருந்து அவிழ்த்தார் என்று எனக்குப் படுகிறது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது பசித்த பிள்ளை பள்ளிக்கு வரவேண்டும் என்பதே பேச்சு. சோற்றைத் தேடி வந்த பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரியவர் உட்கார்ந்தது அந்த வரிசையில்தான்.

ஆனால் 2018-ல் திருப்பூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண் சமைக்கக்கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். அவரை இடம் மாற்றி உத்தரவு வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் ரத்தாயிற்று. இதைப் பெரியவரிடம் சொன்னேன். இலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"அன்னைக்கு அந்தப் பிள்ளைக சாப்பிட்டுச்சா தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரசம் வந்தது.